யப்பானில் ஆங்கில ஆசிரியராய் வாழ்தல்

அயல்நாடொன்றிற்குச் சென்று, அந்நாட்டுச் சிறார்க்குத் தம் நாவிற் பழகிய ஆங்கிலத்தைக் கற்பித்துச் சீவனஞ் செய்தல் எளிய தொழில் என்றே பலரும் எண்ணுவர். பேசத் தெரிந்தவர் பேசக் கற்பிப்பார். இதில் என்ன சிரமம் உண்டு என்பர். யப்பான் தேசத்துப் பாடசாலைகளில் இத்தொழிலைச் செய்வோரின் நாளாந்த வாழ்வை அணுகி நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் நெடுநேரம் நில்லாது. அங்கே அவர் முதலில் எதிர்கொள்வது பிழைபட்ட ஆங்கிலம் அன்று, மௌனம். முப்பது நாற்பது பிள்ளைகள் நிமிர்ந்து அமர்ந்திருப்பர், வினா விளங்கும், விடையுந் தெரியும், ஆயினும் ஒருவரும் வாய் திறவார். அம்மௌனம் எதனால் உண்டாகின்றது, அதனைக் கலைத்தற்கு அயல்நாட்டு ஆசிரியர்க்கு உள்ள வாய்ப்புகள் யாவை, தடைகள் யாவை என்பவற்றை, அவர்தம் ஒருநாள் வாழ்வை முன்வைத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தொழிலின் தொடக்கம்

யப்பானில் இத்தொழில் காவற்கூடத்திலே தொடங்கியது என்று கூறுதல் பொருந்தும். அந்நாடு அயலார்க்குக் கதவடைத்திருந்த காலத்தில், 1848 ஆம் ஆண்டில், றனல்ட் மக்டொனால்ட் என்னும் இளைஞர் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றினின்று சிறு படகில் தனியே இறங்கி, ஹொக்கைடோவை அடுத்த தீவொன்றிற் கரையேறினார். அவர் தந்தையார் ஸ்கொத்லாந்தர். தாயார் வட அமெரிக்கப் பழங்குடியினர். கைதுசெய்யப்பெற்று நாகசாக்கிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், காவலில் இருந்தபடியே மொழிபெயர்ப்பாளர் 14 பேருக்கு ஆங்கிலங் கற்பித்தார். அவர்கள் வாசிப்பர், அவர் உச்சரிப்பைத் திருத்துவார். அவர்களுள் ஒருவரான மொரியாமா எயினொசுக்கே, 1854 இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியுடன் நடைபெற்ற உடன்படிக்கைப் பேச்சுகளில் மொழிபெயர்ப்பாளராய் விளங்கினார்.

1868 இல் மெய்சி ஆட்சி தோன்றியபின், அரசாங்கம் மேனாட்டு நிபுணரையும் ஆசிரியரையும் உயர்ந்த வேதனங் கொடுத்து வரவழைத்தது. அதே வேளையில் தன் இளைஞரை மேனாடுகளுக்கு அனுப்பிக் கற்பித்து, அவர்கள் மீண்டதும் அயலார் இருந்த இடங்களில் அவர்களை அமர்த்தியது. 1890 இல் மட்சுவே நகரின் நடுத்தரப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியராய் வந்த லப்காடியோ ஹேர்ன் இதற்குத் தக்க சான்றாவார். அவர் யப்பானிய மாதை மணந்து, யப்பானியக் குடியுரிமையும் கொய்சுமி யாக்குமோ என்னும் பெயரும் பூண்டு, 1896 முதல் தோக்கியோ ஏகாதிபத்திய பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். 1903 இல் அவர் அவ்விடத்தை விட்டு நீங்க, இலண்டனிற் கற்று மீண்ட நட்சுமே சோசெக்கி அங்கு விரிவுரையாளரானார். யப்பானியப் பெயர் பூண்டவரும் அப்பதவியில் நிலைபெற்றிலர். அயலாசிரியர் சிலகாலத்துக்கு உரியவர் என்னும் இக்கருத்து இன்றளவும் அவர்தம் வாழ்வின் ஒவ்வொரு கூற்றிலும் பதிந்திருத்தலைப் பின்னர்க் காண்போம்.

இக்காலத்து முறை 1987 இல் உருவாயிற்று. ‘ஜெற்’ எனச் சுருக்கி வழங்கப்படும் அரசாங்கத் திட்டத்தின் கீழ் அவ்வாண்டில் நான்கு ஆங்கில நாடுகளினின்று 848 பேர் வந்தனர். அண்மைய ஆண்டுகளில் ஐம்பது நாடுகள் வரையிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இத்திட்டத்தில் வந்து பணிபுரிகின்றனர். அவருட் பெரும்பாலோர் ‘உதவி மொழியாசிரியர்’ என்னும் பதவியினர். ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. ஐந்தாண்டுகட்கு மேல் நீடிப்பதில்லை.

காலைப் பொழுது

உதவி மொழியாசிரியர் காலை எட்டு மணியளவிற் பாடசாலையை அடைவார். வாயிலிலே வெளிப் பாதரட்சையைக் கழற்றி, அதற்கென உள்ள அடுக்கில் வைத்து, உள்ளே அணிதற்குரிய பாதரட்சையை அணிவார். இது துப்புரவுக்காக மாத்திரம் அன்று. வெளியுலகம் முடிந்து வேறோரிடந் தொடங்குகின்றது என்பதற்கும் அடையாளமாம். பின்பு ஆசிரியர் அனைவரும் ஒருங்கிருக்கும் பெரிய அறைக்குட் சென்று, உரத்த குரலிற் காலை வணக்கஞ் சொல்லுதல் வேண்டும். யப்பானிய ஆசிரியர்க்குத் தனித்தனி அறைகள் இல்லை. மேசைகள் ஒன்றையொன்று நோக்கி வரிசையாய் இடப்பட்டிருக்கும்; உப அதிபர் யாவரையும் காணத்தக்க இடத்தில் அமர்ந்திருப்பார். காலைக் கூட்டம் சில நிமிடங்களில் முடியும். அது முழுவதும் யப்பானிய மொழியில் நடைபெறுதலின், புதிதாக வந்தவர்க்கு ஒன்றும் விளங்காது. அன்று நேரசூசி மாறியுள்ளது என்பதை, வெறுமையான வகுப்பறையின் முன் நின்ற பின்னரே அறிந்துகொள்வோர் பலர்.

சக ஆசிரியரைக் குடும்பப் பெயராலே ‘சென்செய்’ என்னும் மரியாதைச் சொற் சேர்த்து அழைப்பர். அயல்நாட்டவரையோ பெரும்பாலும் இடுபெயராலே அழைப்பர். அன்பினால் வந்த வழக்கமே இது. ஆயினும் அவர் இவ்வறையில் ஒருபாற் சகா, ஒருபால் விருந்தினர் என்பதை இச்சிறு வேறுபாடு நாடோறும் நினைவூட்டுகின்றது.

வகுப்பறையில்

கனிட்ட இடைநிலைப் பாடசாலையில் ஒரு பாடவேளை 50 நிமிடம். ஆரம்ப பாடசாலையில் 45 நிமிடம். உதவி மொழியாசிரியர் பொதுவாக யப்பானிய ஆசிரியத் தராதரப் பத்திரம் உடையவர் அல்லர். ஆதலின் பாடத்துக்குப் பொறுப்பாளர் யப்பானிய ஆசிரியரே. இருவருஞ் சேர்ந்து கற்பித்தல் விதி. நல்ல துணை வாய்க்குமிடத்து இம்முறை மிக்க பயன் தரும். இருவரும் மாணாக்கர் முன்னிலையில் ஆங்கிலத்தில் உரையாடுவர்; ஐயம் வினாவுவர்; நகைச்சுவையும் நிகழும். யப்பானியர் ஒருவர் ஆங்கிலம் பேசித் தம் கருத்தை நிறைவேற்றுதலைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பர். துணை வாய்க்காவிடின், ‘இப்பகுதியை வாசியுங்கள்’ என்னும் ஏவல் வரும்போது வாசித்தலும், மற்றப்போது சுவரோரம் நிற்றலுமே அவர் வேலையாம். ‘மனித ஒலிப்பதிவுப் பொறி’ எனத் தம்மைத் தாமே எள்ளிக் கூறுதல் இவ்வாசிரியரிடையே பழைய வழக்கு. நாகசாக்கிக் காவற்கூடத்தில் மக்டொனால்ட் செய்த வேலையினின்றும் இது நெடுந்தூரம் சென்றதன்று.

மாணாக்கரின் உச்சரிப்புத் தடையை நாம் எளிதில் உணரலாம். வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நில்லாது என்பது தமிழுக்கும் உரிய விதியன்றோ? ‘கப்’ என்பது நம்மவர் வாயிற் ‘கப்பு’ ஆகின்றது. யப்பானிய மொழியில் மூக்கொலி ஒன்றைத் தவிர வேறெம் மெய்யும் ஈற்றில் நில்லாது. மெய்கள் அடுக்கி வருதலும் அரிது. ஆகவே மக்டொனால்ட் என்னும் அப்பெயரே ‘மா-கு-தோ-நா-ரு-தோ’ என ஆறு ஒலியலகாய் விரியும். லகர ரகர வேறுபாடும் இல்லாமையால், பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘மி-ரு-கு’ என்றாகும். இவ்வாறு திரிந்த ஆங்கிலச் சொற்கள் பல்லாயிரம் யப்பானிய மொழியிற் கலந்து, அயற்சொல்லுக்கென அமைந்த ‘கதகானா’ எழுத்தில் எழுதப்படுகின்றன. பிள்ளை தான் நன்கு அறிந்த சொல்லையே கூறுகின்றது. ஆசிரியர்க்கோ அது விளங்குவதில்லை. தன் சொல் விளங்கவில்லை என்பதை வகுப்பின் நடுவே ஒருமுறை கண்ட பிள்ளை, மறுமுறை கையுயர்த்தத் தயங்கும்.

மௌனத்துக்கு ஒரு காரணம் இது. மற்றொன்று பரீட்சை. ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வியின் முடிவில் உயர்தரப் பாடசாலைக்கும், பின்பு பல்கலைக்கழகத்துக்கும் நுழைவுப் பரீட்சைகள் உள. அவை நெடுங்காலமாக வாசிப்பையும் இலக்கணத்தையுமே அளந்தன. பல்கலைக்கழகப் பொதுப் பரீட்சையிற் கேட்டல் 2006 இலேதான் சேர்க்கப்பட்டது. பேச்சையும் அளக்கத்தக்க தனியார் பரீட்சைகளைப் பயன்படுத்தும் அரசாங்கத் திட்டம் 2019 நவம்பரில் ஒத்திவைக்கப்பட்டது. தோக்கியோ மாநகரம் 2022 முதல் தன் கனிட்ட மாணாக்கர்க்குப் பேச்சுப் பரீட்சை நடத்தி வருகின்றது. ஆரம்ப பாடசாலையில் ஐந்தாம் ஆறாம் வகுப்புகட்கு 2020 இல் ஆங்கிலம் முறையான பாடமாயிற்று. மூன்றாம் வகுப்பிலேயே பாட்டும் விளையாட்டுமாய் அது தொடங்குகின்றது. பாடத்திட்டம் பேசுக என்கின்றது. பரீட்சை பெரும்பாலும் எழுதுக என்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலே அயலாசிரியர் நிற்கின்றார்.

மூன்றாவது காரணமே ஆழமானது. பலர் நடுவே பிழை செய்தல் தனக்கு மாத்திரமன்றிப் பிறர்க்குஞ் சங்கடந் தருவது என அப்பிள்ளைகள் உணர்கின்றனர். ஆதலின் விடை பகருமுன் அயலில் இருப்பவரோடு மெல்லக் கலந்து ஒப்புநோக்குவர். இதனை மந்தபுத்தி எனக் கருதுதல் புதியோர் செய்யும் பெருந்தவறாகும். அனுபவமுள்ளோர் வகுப்பு முழுவதையும் நோக்கி வினாவார். இருவர் இருவராய்ப் பேசவிட்டு, மேசைகளிடையே நடந்து செவிமடுப்பார். தாமும் அரைகுறை யப்பானிய மொழியிற் பேசிப் பிழைசெய்து நகைப்புக்கு இடங்கொடுப்பார். பெரியவர் ஒருவர் பிழைசெய்தும் மானம் இழவாது நிற்றலைக் காண்பதே அப்பிள்ளைகட்கு முதற்பாடம்.

போசனமும் துப்புரவும்

நண்பகலில் மாணாக்கர் சிலர் வெண்ணிற மேலாடையும் தொப்பியும் அணிந்து, சமையற்கூடத்தினின்று உணவைக் கொணர்ந்து தம் வகுப்பினர்க்குப் பரிமாறுவர். ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து அதே உணவை உண்பார். சோறு, சூப்பு, மரக்கறி, மீன் அல்லது இறைச்சி, பால் என்பன இருக்கும். மரக்கறி உணவினர்க்கு இவ்விடத்துப் பெருந்துன்பம் உண்டு. தூய மரக்கறிபோலத் தோன்றுஞ் சூப்பின் அடிச்சாறும் பெரும்பாலும் ‘கட்சுவோபுஷி’ என்னும் உலர்மீனிற் காய்ச்சப்பட்டதாம். நம்மவர் சமையலறைகளில் மாசிக்கருவாடு என வழங்குவதற்கு அது நெருங்கிய உறவு. முன்னரே பாடசாலைக்கு அறிவித்துத் தம் உணவைக் கட்டிச் செல்லுதலே உசிதம்.

போசனத்துக்கு அடுத்தோ மாலையிலோ துப்புரவு வேளை வரும். பிள்ளைகளே தம் வகுப்பறையையும் நடைவழியையும் மலசலகூடத்தையும் சுத்தஞ் செய்வர். ஈரத்துணியைத் தரையில் அழுத்தி, குனிந்தபடியே ஓடி நிலந் துடைப்பதைக் காணலாம். ஆசிரியரும் துடைப்பம் எடுப்பார்.

வகுப்பறையில் வாய்திறவாத பிள்ளை, சோற்றுத் தட்டை நீட்டும்போதோ துணி பிழியும்போதோ திடீரென ஓர் ஆங்கிலச் சொல்லைக் கூறும். ‘நாய் உண்டா?’ என்னும், ‘குளிரா?’ என்னும். வினையுமில்லை, இலக்கணமுமில்லை; ஆயினும் அது அப்பிள்ளை தானாக விரும்பிப் பேசிய ஆங்கிலமாகும். இதனை அறிந்த ஆசிரியர் தம் மேசையில் தனித்து உண்ணார். பாடம் முடிந்தபின் நடைபெறும் அடிபந்து, வாட்போர், வாத்தியக் குழு முதலிய பயிற்சிகளிற் கலந்துகொள்ளுதலும், பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்யும் மாணாக்கரோடு மாலையில் அமர்தலும் இவ்வகையினவே.

ஆயின் இவற்றுக்கு நேரம் வேண்டும். ஒரே பாடசாலையில் நிலைத்திருத்தலும் வேண்டும். பல கல்விச் சபைகள் ஓராசிரியரைக் கிழமைக்கு ஐந்து பாடசாலைகளுக்கும் சுற்றி அனுப்புகின்றன. சில வகுப்புகளை அவர் மாதத்துக்கு ஒருமுறையே காண்பார்; பிள்ளைகளின் பெயரையும் அறியார். அந்நிலையில் அவர் வருகை பிள்ளைகட்குத் திருநாள்போல் இருக்கும், பாடமாக இராது.

வீடும் ஊரும்

மாலை நான்கரை அல்லது ஐந்து மணியளவில் அவர் வீடு திரும்பலாம். யப்பானிய ஆசிரியர் பலரோ இரவுவரை மேசையில் இருப்பர். எழுந்து செல்லும்போது, ‘உமக்கு முன்னே செல்லுதலைப் பொறுத்தருள்க’ என்னும் பொருள்படக் கூறி விடைபெறுவது வழக்கம். அச்சொல்லின் பாரம் நாட் செல்லச் செல்லவே விளங்கும்.

வாடகை வீடு பெறுதல் அயலார்க்கு எளிதன்று. முற்பணத்தோடு, மீளப்பெறாத ‘நன்றிப் பணம்’ ஒன்றும், பிணையாளியும் வேண்டப்படும். யப்பானிய நீதி அமைச்சு 2017 இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவருள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டதாகத் தெரிவித்திருந்தனர். கல்விச் சபையே வீடு ஒழுங்குசெய்து கொடுக்கும் ஊர்களில் இத்துன்பம் இல்லை. குளிர்காலத்தில் வீடு முழுவதையுஞ் சூடாக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமையால், மண்ணெண்ணெய் அடுப்பும், கீழே வெப்பமூட்டி பொருத்திப் போர்வை மூடிய தாழ்ந்த மேசையுமே துணையாம். எரிவன, எரியாதன, பிளாத்திக்கு எனக் குப்பையைப் பிரித்து உரிய கிழமையில் வைத்தல் வேண்டும். பிழையாக வைத்த பொதி, காரணங் கூறும் ஒட்டுத்தாளோடு அவ்விடத்திலேயே கிடக்கும்; தெருவார் யாவருங் காண்பர்.

சிற்றூர்களில் அயலாசிரியர் மறைந்து வாழ்தல் இயலாது. கடையில் அவர் என்ன வாங்கினார் என்பதை மறுநாள் பிள்ளைகள் கூறுவர். தெருவில் ‘ஹலோ’ எனக் கூவி ஓடி மறைவர். வெண்ணிறத்தவரே ஆங்கிலேயர் என்னும் எண்ணம் இன்னும் அறவே நீங்கவில்லை. யமேக்கா, தென் ஆபிரிக்கா, இந்தியா, பிலிப்பைன்சு முதலிய நாடுகளினின்று வருவோரை, ‘உமக்கு ஆங்கிலம் வருமா?’ என வியந்து வினாவுவாரும் உளர். அவர்கள் பொறுமையோடு கற்பிக்கும் ஓராண்டு, அவ்வூர்ப் பிள்ளைகட்கு ஆங்கிலத்தினும் பெரிய பாடமாகின்றது.

வேதனமும் நிலையாமையும்

இத்தொழிலில் ஈடுபட்டோர் யாவரும் ஒருதரத்தினர் அல்லர். அரசாங்கத் திட்டத்தில் வந்தோர் ஒருவகை. தனியார் நிறுவனங்கள் பாடசாலைக்கு அனுப்பிவைக்கும் ஆசிரியர் மற்றொருவகை. இவர்களுட் பலர்க்கு வேதனங் குறைவு, விடுமுறை மாதத்தில் வேதனங் குறைக்கப்படுதலும் உண்டு. மூன்றாமவர் மாலையிலும் ஓய்வுநாளிலும் வளர்ந்தோர்க்குக் கற்பிக்கும் உரையாடற் பள்ளிகளில் வேலை செய்வோர். 2007 ஒக்டோபரில் அத்தகைய பள்ளிகளை நடத்திய மிகப் பெரிய நிறுவனம் வீழ்ச்சியுற்றபோது, ஆயிரக்கணக்கான அயல்நாட்டு ஆசிரியர் வேதனமின்றித் தவித்தனர். பாடசாலையில் இருப்போர்க்கும், யப்பானியப் பாடசாலையாண்டு முடியும் மார்ச்சு மாதம் பிரிவின் மாதமாம். ஐந்தாண்டிற் பிள்ளைகளின் பெயரையும் ஊரின் வழக்கையும் மொழியையும் நன்கறிந்து, உண்மையிற் பயன்படத் தொடங்கும் வேளையிலேயே திட்டத்தில் வந்தவர் விடைபெறுகின்றார்.

எஞ்சுவது

அங்ஙனமாயின் இவர்களால் விளைந்தது யாது? பிள்ளைகளின் புள்ளிகளைக் கொண்டு இதனை அளத்தல் அரிது. 2011 மார்ச்சு 11 ஆம் நாள் வடகிழக்கு யப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் இத்திட்டத்தின் உதவி மொழியாசிரியர் இருவர் உயிர்நீத்தனர், இருவரும் அமெரிக்கர். ஒருவர் ரிக்குசென்தக்காத்தா நகரிற் பணிபுரிந்தவர். மற்றவர் இஷினொமாக்கி நகரப் பாடசாலைகளில் 2008 முதற் கற்பித்து வந்த இளநங்கையார்; நிலநடுக்கத்தின்பின் பிள்ளைகள் பெற்றோரிடஞ் சேருமளவும் பாடசாலையில் உடனிருந்து, பின்பு துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டவர் வீடு சேர்ந்திலர்.

அவர்தம் பெற்றோர், மகளின் நினைவாக, அந்நகரப் பாடசாலைகட்கு ஆங்கில நூல்களை வழங்கினர். அந்நூல்களுக்குரிய அடுக்குகளைச் செய்து கொடுத்தவர் அவ்வூர்த் தச்சர் ஒருவர். அதே பேரலையிலே தம் மூன்று பிள்ளைகளையும் இழந்த தந்தையார். அப்பிள்ளைகள் அவ்வாசிரியையை அறிந்தவர்கள்.

ஓராண்டு ஒப்பந்தத்தில், உதவியாளர் என்னும் பெயரில், விருந்தினர்போல் வந்து நின்றவருக்கு ஓர் ஊர் இவ்வாறு இடமளித்தது. உச்சரிப்பைத் திருத்தியதற்காக மாத்திரம் ஒருவர் இவ்விடத்தைப் பெறார். உடனிருந்து உண்டதற்காகவும், தரை துடைத்ததற்காகவும், பிழையோடு பேசிய பிள்ளையின் சொல்லை இறுதிவரை கேட்டதற்காகவும் பெறுவர். அயல்நாட்டில் ஆசிரியராகச் செல்ல எண்ணும் நம்மிளைஞர், பத்திரங்களோடு இப்பழக்கங்களையும் எடுத்துச் செல்வாராக.